வீட்டுக்காரர் வந்து போகிற வீடு

சீப்பைத் தலையில் ஒருமுறை இழுத்த பிறகுதான் ஹுமேரா அதைக் கவனித்தாள். பல்லிடுக்கில் இரண்டு முடிகள் சிக்கியிருந்தன. கட்டை முடிகள். அடியில் வெள்ளை, நுனியில் வெளுத்துப்போன சாயக் கறுப்பு. அவளுக்கு இடுப்பு வரை நீண்ட முடி. தங்கை யுஸ்ராவுக்குத் தோள் வரை சுருட்டை. இந்த வீட்டில் வேறு யாரும் கிடையாது.

குமட்டலில் வாயில் எச்சில் ஊறிக்கொண்டு வந்தது. சீப்பைக் குப்பைக் கூடையில் போட்டாள். அங்கே கிடப்பதும் பிடிக்காமல் ஒரு கவரில் சுற்றி எடுத்துப்போய்த் தெருமுனைத் தொட்டியில் எறிந்துவிட்டு வந்தாள். வந்து தலைக்கு ஊற்றினாள். ஷாம்பு போட்டுக் கழுவி, மறுபடி போட்டுக் கழுவியும் அந்தச் சீப்பின் பல் உச்சந்தலையில் ஊர்ந்துகொண்டே இருந்தது.

கொஞ்ச காலமாகவே ஒன்றிரண்டு விஷயங்கள் அவளுக்கு உறுத்திக்கொண்டு இருந்தன. காலையில் அணைத்துவிட்டுப் போன விசிறி சாயங்காலம் ஓடிக்கொண்டிருக்கும். காய்ந்திருக்க வேண்டிய சோப்பு ஈரமாக இருக்கும். படுக்கை விரிப்பில் யாரோ உட்கார்ந்து எழுந்த குழி தெரியும். யுஸ்ராதான் என்று இவள் நினைத்தாள், அக்காதான் என்று அவள் நினைத்தாள். ஆனால் ஜவ்வாது வாசனைக்கு மட்டும் இருவரிடமும் பதில் இல்லை. பூட்டிக் கிடந்த படுக்கையறையில் கனத்த ஜவ்வாது வாசனை வரும். அந்த வாசனை யாருடையது என்பது இருவருக்குமே தெரியும். வாயைத் திறந்து சொல்லத்தான் கூசியது.

கீழ்வீட்டு ஈஸ்வரமூர்த்தி தினமும் காலையில் குளித்துவிட்டு மார்பிலும் காதோரத்திலும் ஜவ்வாது தடவிக்கொள்வார். வீட்டுக்காரர் அவர்.

ஹுமேரா பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். யுஸ்ரா தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலி. கோட்டைமேட்டில் இருந்த பழைய வீட்டில் அண்ணன் ரியாஸும் அவன் பிள்ளைகளும் நிறைந்துவிட்ட பிறகு, வேலைக்குப் பக்கமாக வீடு தேடி இரண்டு பேரும் அலையாத தெரு இல்லை. போகிற இடமெல்லாம் மரியாதைக்குக் குறைவே இருக்காது. உட்கார வைப்பார்கள், மோர் கொடுப்பார்கள், பேரைக் கேட்பார்கள். பேரைக் கேட்டதும், "அடடா, பையன் குடும்பத்தோட வாரேன்னு சொல்லியிருக்கறானுங்களே" என்பார்கள். எத்தனை வீடுகளுக்கு அந்தப் பையன் குடும்பத்தோடு வந்தானோ தெரியாது.

ஈஸ்வரமூர்த்தி அப்படிச் சொல்லவில்லை. "நம்மளுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கெடையாதுங்க அம்மணி. மனுசந்தானுங்க முக்கியம். கறி ஆக்கறதா இருந்தா மட்டும் சன்னலைச் சாத்திட்டு ஆக்குங்க, எங்கூட்டுல அம்மனுக்கு வேண்டுதல், நாங்க கறி திங்கறதை உட்டுப்போட்டமுங்க" என்றார். அவர் மகன் அருண்குமார் பெங்களூரில் இருந்தபடியே ஒப்பந்தத்தை முறையாகப் பதிவு செய்து அனுப்பினான். அன்று ராத்திரி ஹுமேரா இரண்டு ரக்அத் நன்றித் தொழுகை தொழுதாள். அதை இப்போது நினைத்தாலும் அவளுக்கு நெஞ்சு கரிக்கிறது.

சீப்பை எறிந்த மறுவாரம் யுஸ்ராவுக்கு இரவுப் பணி மாற்றிப் போட்டிருந்தார்கள். காலையில் வந்து, உள்ளறையில் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். பதினோரு மணி வாக்கில் கம்பெனிக்குப் போன் வந்தது. யுஸ்ராவின் குரல் குரலாகவே இல்லை.

"அக்கா, நீ வா. இப்பவே வா."

ஹுமேரா வந்தபோது யுஸ்ரா வெளிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் போகவே மாட்டேன் என்றாள்.

"கதவு தொறக்கற சத்தம் கேட்டுச்சு. நீதான் எதையோ மறந்துட்டு வந்திருக்கேன்னு நெனச்சேன். அப்பறம் மூக்கால ஏதோ பாட்டு மொனகற சத்தம். எந்திரிச்சு கதவிடுக்குல பாத்தேன். கிச்சன்ல பிரிட்ஜைத் தொறந்து வெச்சிட்டு நிக்கறாரு. நேத்து கறிக்குழம்புச் சட்டியோட மூடியை எடுத்து மோந்து பாத்தாரு. அப்பறம் விரலை உட்டு..." புறங்கையால் தன் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நக்கினாருக்கா. ரெண்டு தடவ. அப்பறம் ஒரு துண்டு எடுத்து வாயில போட்டுட்டு, எலும்பைச் சன்னல் வழியாத் துப்பினாரு. கையை உன் துப்பட்டால தொடச்சாரு. அப்படியே கண்ணாடி முன்னால நின்னு, நீ புதுசா வாங்கின சீப்பை எடுத்துத் தலை சீவினாரு."

"நீ என்ன பண்ணே?"

"கத்த வாய் வரலக்கா. கதவுல கை பட்டுச் சத்தம் வந்துருச்சு. திரும்பிப் பாத்தாரு. ஓட்டம் எடுப்பாருன்னு நெனச்சேன். சிரிக்கறாரு. 'ஏன் கண்ணு, இன்னிக்கு டூட்டிக்குப் போகலீங்களா?'ங்கறாரு. நான்தான் அவரு ஊட்டுக்குள்ள நொழஞ்ச மாதிரி! சீப்பை இருந்த எடத்துலயே வெச்சுட்டு, 'ஒறங்குங்க, ஒறங்குங்க'ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டுப் போயிட்டாரு."

ஹுமேரா உள்ளே போய் அந்தச் சட்டியைப் பார்த்தாள். குழம்பின் மேலே உறைந்திருந்த கொழுப்பில் ஒரு விரல் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. சட்டியோடு தூக்கிக் குப்பையில் கொட்டினாள். துப்பட்டாவையும் சீப்பையும் அதன்மேல் போட்டாள். பிறகு கீழே இறங்கினாள்.

ஈஸ்வரமூர்த்தி முற்றத்தில் குரோட்டன்ஸ் செடிகளுக்கு ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைப் பனியன், நெற்றியில் திருநீறு. இவளைப் பார்த்ததும் பைப்பைக் கீழே போட்டுக் கும்பிட்டார்.

"வாங்க அம்மணி. கம்பெனி லீவுங்களா? ஏனுங்க நிக்கறீங்க, உக்காருங்க. வள்ளியாத்தா, மோரு கொண்டா."

"எங்க வீட்டுக்குள்ள எதுக்குங்க போனீங்க?"

"எங்கூட்டுக்குள்ளயா?" என்று திருப்பிக் கேட்டார். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில், அது யாருடைய வீடு என்பது தீர்ந்துபோயிருந்தது. "பைப்பு ஒழுகுதா, சுவரு ஓதமடிக்குதான்னு பாக்க வேண்டாமுங்களா? அப்பப்ப ஒரு பார்வை பாத்துக்கறதுதானுங்க. நீங்க பொம்பளப் புள்ளைங்க, உங்களுக்கென்னங்க தெரியும்?"

"குழம்புச் சட்டிக்குள்ள எந்தப் பைப்புங்க ஒழுகுது?"

உள்ளிருந்து மோர் டம்ளரோடு வந்த அவர் மனைவி வள்ளியாத்தாள் நிலைவாசலிலேயே நின்றுவிட்டாள். ஈஸ்வரமூர்த்தியின் முகம் கொஞ்சமும் மாறவில்லை. சிரிப்பு இன்னும் அகலமாயிற்று.

"கோவப்படாதீங்க கண்ணு. பெரியவன் நானு. அப்பன் மாதிரி. அப்பன் மக ஊட்டுக்குப் போறதுக்குக் கேட்டுட்டா போவான்?"

"எங்க அத்தா செத்துப் பத்து வருசமாச்சுங்க. அவரு இருந்தப்பக் கூட எங்க ரூமுக்குள்ள கதவைத் தட்டாம வந்ததில்ல. சாவியைக் குடுங்க."

"சாவியா? அது வீட்டுக்காரங்ககிட்டத்தான் இருக்கோணும் அம்மணி." இடுப்பில் அரைஞாண் கயிற்றோடு தொங்கிய கொத்தை ஒருமுறை தட்டிக் காட்டினார். "பாருங்க, ஊரே உங்களுக்கு ஊடு தரமாட்டேன்னுச்சு. நாந்தான் குடுத்தேன். அதை மனசுல வெச்சுக்கோணுமுங்க."

வள்ளியாத்தாள் மோரை நீட்டினாள். கண்ணைத் தூக்கவில்லை. ஹுமேரா வாங்கவில்லை. திரும்பி நடந்தபோது, பின்னால் அவர் மனைவியிடம் சிரித்துக்கொண்டே, "கோவத்துலயும் நல்ல மரியாதையாத்தான் பேசறாங்க" என்று சொன்னது கேட்டது. அந்தச் சிரிப்புதான் அவளைப் பிடுங்கித் தின்றது. திருடன் அகப்பட்டால் பயப்படுவான். இந்த ஆளுக்கு அகப்பட்டோம் என்ற நினைப்பே இல்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் ஆள் கூட்டி வந்து கதவின் வெளிப்புறம் தாழ்ப்பாள் அடித்து, பெரிய பூட்டாக ஒன்று வாங்கி மாட்டினாள். மறுநாள் விடிந்து குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"மோட்டாரு பழுதாயிப் போச்சுங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி கீழிருந்தே. அவர் கையில் இருந்த ஹோஸ் பைப்பில் தண்ணீர் பீய்ச்சியடித்துக்கொண்டிருந்தது. மேல்வீட்டுக்குப் போகிற குழாயின் வால்வை அடைத்திருக்கிறார் என்பது குழந்தைக்கும் தெரியும். பம்ப் கம்பெனியில் வேலை செய்கிறவளிடம் மோட்டார்ப் பொய்.

தெருக் குழாயில் குடம் பிடித்து மாடி ஏற்றினார்கள். சமையலுக்கும் தொழுகைக்கு முன் ஒளு செய்யவும் போதும். கழிவறைக்குப் போதாது. இரண்டு பெண்கள் இருக்கிற வீட்டில் கழிவறைக்குத் தண்ணீர் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவே கூசும். நாற்றம் படுக்கையறை வரை வந்தது. யுஸ்ரா மருத்துவமனையிலேயே குளித்துவிட்டு, முடிந்தவரை அங்கேயே இருந்துவிட்டு வந்தாள். ஹுமேரா கம்பெனியில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள்.

அவர்கள் குடத்தோடு படியேறும்போதெல்லாம் அவர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "ஐயோ பாவம், இடுப்புப் புடிச்சுக்குமுங்க கண்ணு. அந்தப் பூட்டை எடுத்துப்போட்டீங்கன்னா ப்ளம்பரைக் கூட்டியாந்து அஞ்சு நிமிசத்துல பாத்துப்போடலாம்." வலிக்கிற இடத்தில் அமுக்கிக்கொண்டே, வலிக்குதுங்களா என்று கேட்கிற குரல்.

காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கிருந்தவர் ஈஸ்வரமூர்த்திக்குப் போன் போட்டார். அரைமணி நேரத்தில் வெள்ளை வேட்டியோடு வந்தார். வந்தவருக்கு நாற்காலி கிடைத்தது. இவளும் யுஸ்ராவும் நின்றுகொண்டிருந்தார்கள். "பெரிய மனுசருங்க. எதுவும் களவு போகலையே? அனுசரிச்சுப் போங்கம்மா, இல்லீன்னா வேற வீடு பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ரியாஸ் அண்ணன் வந்து பார்த்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சாமானைக் கட்டு. எப்படியாவது நம்ம வீட்டுலயே நெருக்கிக்கலாம். இது பெருசானா வேற மாதிரி போயிரும் ஹுமேரா. அவங்க பேரு, நம்ம பேருன்னு ஆயிரும்."

"இதுல பேரு எங்கண்ணே வந்துச்சு? அவரு பண்ணினது அசிங்கம். எந்தப் பேருல பண்ணினாலும் அசிங்கந்தான்."

"அசிங்கத்தை மிதிச்சா காலைக் கழுவிட்டுப் போறதுதான் புத்திசாலித்தனம்."

"கழுவத் தண்ணியத்தானே அடச்சு வெச்சிருக்கறாரு" என்றாள் ஹுமேரா. அண்ணன் போகும்போது இரண்டு கேன் தண்ணீர் வாங்கி வைத்துவிட்டுப் போனான்.

கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிற தனபால்தான் வழி சொன்னார். தனபாலுக்குத் துடியலூர்ப் பக்கம் ஒரு வாடகை வீடு இருக்கிறது. குடியிருந்தவனோடு சண்டை போட்டு வாடகை அதிகாரி வரைக்கும் போய் வந்தவர். அந்தக் கசப்பு இன்னும் அவருக்கு அடங்கவில்லை.

"ஏனுங்க மேடம், நானும் ஊட்டுக்காரந்தானுங்க. அதனால சொல்றேன். எங்களுக்கு வயிறு எரியற சட்டமொண்ணு இருக்குது. உள்ள போகோணும்னா இருவத்தி நாலு மணி நேரம் முன்னாடி எழுத்துல குடுக்கோணும். எதுக்கு வாரேன், எப்ப வாரேன்னு எழுதோணும். காலையில ஏழுக்கு முன்னாடியும் போகப்படாது, ராத்திரி எட்டுக்கு மேலயும் போகப்படாது. தெரியாமப் போயி நின்னேனுங்க, என்னையவே நாலு கேள்வி கேட்டுப்போட்டாங்க."

"தண்ணி?"

"தண்ணி, கரண்டு ரெண்டுலயும் கை வெக்கவே முடியாதுங்க. வாடகை பாக்கி இருந்தாக்கூட முடியாது. காலி பண்ண வெக்கறதுக்கு வேற வழி இருக்குது, கேஸ் போட்டு ஆர்டர் வாங்கோணும். உங்க ஒப்பந்தம் பதிவு பண்ணினதுங்களா?"

"ஆமாங்க. அவரு பையனே பண்ணினது."

தனபால் சிரித்துவிட்டார். "படிச்ச பையனைப் பெத்தா இதுதானுங்க தொல்லை."

ஹுமேராவே உட்கார்ந்து மனு எழுதினாள். குழம்புச் சட்டியைப் பற்றி எழுதும்போது கை நின்றது. அரசாங்கத் தாளில் அதை எழுதுவது எப்படி? 'உணவுப் பொருட்களைத் தொட்டார்' என்று எழுதினாள். படித்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. அடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினாள்.

மனு கொடுத்த சில நாட்களில் தண்ணீரை உடனே திறந்துவிடச் சொல்லி இடைக்கால உத்தரவு வந்தது. வருவாய் ஆய்வாளர் ஒருவர் உத்தரவோடு வந்து நின்று வால்வைத் திறக்க வைத்தார். குழாயில் தண்ணீர் கக்கிக் கக்கி வந்த சத்தத்தைக் கேட்டு யுஸ்ரா அழுதுவிட்டாள். அன்று முழுக்க வீட்டைக் கழுவினார்கள். பினாயில் வாசனை எல்லாவற்றையும் மூடியது, ஜவ்வாதைத் தவிர. யுஸ்ரா அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்றாள். இவளுக்கு மட்டும் வந்துகொண்டே இருந்தது.

விசாரணை நாளில் ஈஸ்வரமூர்த்தி மனைவியோடும் வக்கீல் வெங்கடபதியோடும் வந்திருந்தார். இவளைப் பார்த்ததும் வழக்கம்போலக் கும்பிட்டு, "சாப்பிட்டீங்களா அம்மணி?" என்று கேட்டார். அறை நிறைய வேறு வேறு வழக்குகளுக்கு வந்த ஆட்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். வாடகை அதிகாரி நடுவயதுப் பெண்மணி. மனுவை முழுக்கப் படித்திருக்கிறார் என்பது அவர் ஹுமேராவைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

வெங்கடபதி எழுந்து தெளிவாகப் பேசினார். தன் கட்சிக்காரர் மேல்வீட்டுக்குள் போனதே இல்லை. மாற்றுச் சாவி எப்போதோ தொலைந்துவிட்டது. தண்ணீர் நின்றது மோட்டார்க் கோளாறு. எல்லாம் வீட்டை விட்டுப் போக மனமில்லாத இரண்டு பெண்கள் இட்டுக்கட்டிய கதை.

சாட்சி என்று யுஸ்ராவைத் தவிர யார் இருக்கிறார்கள்? சட்டியைக் கொட்டியாயிற்று. சீப்பை எறிந்தாயிற்று.

அதிகாரி ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. அவங்க இல்லாத நேரத்துல திருட்டுத்தனமா வீட்டுக்குள்ள நுழைஞ்சதா புகார். உண்மையா?"

ஈஸ்வரமூர்த்தியின் முகம் முதல் தடவையாக மாறியது. எழுந்து நின்றார். வக்கீல் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அவர் உதறினார்.

"திருட்டுத்தனமாங்களா? என் ஊட்டுக்குள்ள நான் எதுக்குங்க திருட்டுத்தனமாப் போகோணும்? நேரா சாவி போட்டுத் தொறந்துதானுங்க போனேன். பட்டப்பகல்ல போனேன்."

"ஐயா, உக்காருங்க" என்றார் வெங்கடபதி.

"நீங்க உக்காருங்க வக்கீலு. காங்கேயத்துல காடு தோட்டமெல்லாம் வித்து, கல்லு கல்லா எடுத்து வெச்சுக் கட்டுன ஊடுங்கம்மா. என்னையத் திருடன்னா கேட்டுட்டு நிக்க முடியுங்களா? எப்படி வெச்சிருக்கறாங்கன்னு நீங்களே கேளுங்க. குளிக்கற ரூம்புக் கதவுக்குப் பின்னால உள்பாவாடையை ஈரத்தோட தொங்கப்போட்டுக் கதவு ஊறிப்போச்சு. பெரிய அம்மணி தலைமாட்டுல மனசுக்குச் சாப்படற மாத்தரைப் பட்டை வெச்சிருக்கறாங்க, நான் ஒருத்தர்கிட்டச் சொன்னதுண்டுங்களா? பீரோவுல மேல் தட்டுல துணியை அமுக்கி அமுக்கிக் கீலு எறங்கிப்போச்சு. சின்னது மெத்தையில தீட்டுக்கறை, அதைத் திருப்பிப் போட்டு வெச்சிருக்குது. இதையெல்லாம் ஒரு ஊட்டுக்காரன் பாக்கலீன்னா ஆருங்க பாப்பாங்க?"

சுவரோரத்தில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். யுஸ்ரா துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

ஹுமேராவுக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. அவர் எங்கெல்லாம் கை வைத்தார் என்பது இதுவரை அவளுக்குத் தெரியாது. மெத்தையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். மாத்திரைப் பட்டையை எடுத்து, என்ன மாத்திரை என்று விசாரித்தே இருக்கிறார். அத்தா இறந்த பிறகு அம்மாவும் போய், தூக்கம் வராமல் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரை அது. தங்கைக்குக்கூடச் சொன்னதில்லை. வெளியே ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் வழக்கு இந்த நிமிடத்தில் ஜெயித்துக்கொண்டிருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வெங்கடபதி கையிலிருந்த தாள்களை மடித்து மேசைமேல் வைத்தார்.

அதிகாரி பேனாவை மூடினார். "போதும். உக்காருங்க. வீடு உங்களுதுதான், யாரும் இல்லேன்னு சொல்லலை. வாடகை கேக்க உங்களுக்கு உரிமை உண்டு. ரிப்பேர் பாக்க உரிமை உண்டு. காரணம் இருந்தா காலி பண்ணச் சொல்லி இங்க வந்து கேக்கவும் உரிமை உண்டு. ஆனா வாடகைக்கு விட்ட பிறகு அந்தக் கதவுக்கு உள்ளே அவங்க வாழ்க்கை. அதுக்குள்ள எழுத்துல சொல்லாம நீங்க கால் வைக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுதுங்க" என்று கும்பிட்டார் ஈஸ்வரமூர்த்தி. புரிந்த முகமாக இல்லை. வள்ளியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உத்தரவு எழுத்தில் வந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் நுழையக் கூடாது, காரணமும் நேரமும் குறிப்பிட வேண்டும், தண்ணீரையோ மின்சாரத்தையோ தடுக்கக் கூடாது, மீறினால் அபராதம். தனபால் அதை வாங்கிப் படித்துவிட்டு, "ஊட்டுக்காரனா வருத்தமா இருக்குதுங்க, மனுசனா சந்தோசமா இருக்குதுங்க" என்றார். ரியாஸ் அண்ணன், இனியாவது வந்துவிடுங்கள் என்றான். யுஸ்ராவுக்கும் போய்விடலாம் என்றுதான் இருந்தது.

"போலாம். நமக்குப் போகோணும்னு தோணும்போது போலாம்" என்றாள் ஹுமேரா. "அவரு துரத்தி நாம போகக் கூடாது." மெத்தையை மட்டும் வேண்டாம் என்று கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினார்கள்.

பத்து நாள் கழித்து ஒருநாள் விடிந்ததும் கதவிடுக்கில் ஒரு தாள் கிடந்தது. நாளைக் காலை பத்து மணிக்குச் சமையலறைக் குழாயைப் பார்வையிட வருகிறேன், இப்படிக்கு ஈஸ்வரமூர்த்தி. கையெழுத்து குண்டு குண்டாக, அழகாக இருந்தது. ஹுமேரா கம்பெனிக்கு அரைநாள் விடுப்புச் சொன்னாள்.

பத்து மணிக்கு அவர் வந்தார். செருப்பை வெளியே விட்டார். "வரலாமுங்களா அம்மணி?" என்று கேட்டார். குரலில் தேன். ஜவ்வாது அவருக்கு முன்னால் உள்ளே வந்தது. ஹுமேரா ஓரமாக நகர்ந்து வழி விட்டாள். சட்டப்படி அவர் வரலாம். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

குழாயைத் திருகிப் பார்த்தார். மூடினார். மறுபடி திருகினார். பிறகு இயல்பாக, பல நாள் பழகிய கால் தானாகத் திரும்புவது போல, படுக்கையறைப் பக்கம் திரும்பினார்.

"அங்க இல்லீங்க."

"சும்மா ஒரு பார்வைங்க கண்ணு..."

"உங்க நோட்டீசுல கிச்சன் குழாய்னு மட்டுந்தான் இருக்குது. படுக்கை ரூமைப் பாக்கோணும்னா இன்னொரு நோட்டீஸ் குடுங்க. என்ன காரணம்னு எழுதுங்க. காரணம் சரியில்லீன்னா அந்த அதிகாரியம்மாகிட்டயே போயி இது என்ன காரணம்னு கேப்பேன்."

ஈஸ்வரமூர்த்தி நிலைப்படியில் வைத்த பாதத்தை எடுக்காமல் நின்றார். உதட்டில் சிரிப்பு இருந்தது. கழுத்து நரம்பு துடித்தது. அவர் வயதில், அவர் கட்டிய வீட்டில், ஒரு பெண் அவரை நிற்க வைப்பது இதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். பாதத்தை எடுத்தார். படி இறங்கிப் போனார். ஹுமேராவுக்கு வெற்றி என்று எதுவும் தோன்றவில்லை. பல்லி விழுந்த பாலைக் கொட்டுகிறவளுக்கு என்ன சந்தோஷம் இருக்கும்? கொட்டத்தான் வேண்டும். கொட்டினாள்.

அதற்குப் பிறகு தாள் எதுவும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டப்பட்டது. வள்ளியாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். இத்தனை மாதங்களில் அவள் மாடிப்படி ஏறியதே இல்லை. கையில் மூடிய தூக்குப்போசி. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"ஒப்புட்டு சுட்டேன் கண்ணு. உங்களுக்குன்னு வெல்லப் பூரணம் வெச்சு நெய் விட்டுச் சுட்டது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மனசுல வெச்சுக்காதீங்க. அவரு கொணமே அப்படித்தான். முன்னாடி இருந்தாங்களே, திருமலைசாமின்னு, அவங்களும் இதனாலதான் போனாங்க. அதுக்கு முன்னாடி ஒரு வாத்தியாரம்மா. நானும் எத்தனையோ தரம் சொல்லிப் பாத்துட்டேன். சாவியை எடுத்துட்டு மேல போறப்பவெல்லாம் எனக்கு அடுப்படியில வேலையே ஓடாது. என்ன பண்றது, சொல்லுங்க? பொம்பள நானு."

ஹுமேரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவியை எடுத்துக்கொண்டு அவர் மேலே போகும்போதெல்லாம் இவள் கீழே அடுப்படியில் நின்று தலைக்கு மேலே காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கட்டிலுக்குப் போகிற சத்தம், பீரோவுக்குப் போகிற சத்தம். கேட்டுவிட்டு, அவர் இறங்கி வந்ததும் சோறு போட்டிருக்கிறாள். மறுநாள் இவர்களைப் பார்த்து, சாப்பிட்டீங்களா கண்ணு என்று கேட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை. கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டுக்கோ கண்ணு என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அவர்மேல் வந்த அருவருப்புக்கு ஓர் எல்லை இருந்தது. இந்த அம்மாளின் ஈரக் கண்களைப் பார்த்தபோது வந்ததற்கு எல்லை தெரியவில்லை.

"உள்ள வந்து உக்காந்துட்டுப் போகட்டுங்களா? காலு வலிக்குது" என்றாள் வள்ளியாத்தாள்.

"வேண்டாங்க" என்றாள் ஹுமேரா.

"ஒப்புட்டு..."

"அதுவும் வேண்டாங்க. பாத்து எறங்குங்க, படி வழுக்கும்."

வள்ளியாத்தாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவள் கீழே போய்ச் சேரும் வரை ஹுமேரா வாசலிலேயே நின்றாள். உள்ளே யுஸ்ரா வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். "யாருக்கா?" என்று கேட்டாள்.

"யாருமில்ல. சன்னலைத் தொறந்து வை. கறி வாசனை வெளிய போகட்டும்."